வாரண்டின்னு சொல்லி வாயை அடைக்காதீங்க!

ஓடி ஓடி ஒரு கிரைண்டர் கெட்டுப்போனா அது விதி. ஆனா ஒரு தடவை கூட மாவு அரைக்காத கிரைண்டர் "கெட்டுப்போச்சு"ன்னு சொல்ல முடியாது. அது கெட்டே பிறந்தது. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி நடிக்கற கடைக்காரங்களைப் பத்தித்தான் இந்தப் புலம்பல்.

மந்தைவெளியில எங்க அத்தை அக்கம்பக்கத்துல பத்து வீட்டுக்கு இட்லி மாவு அரைச்சுக் கொடுக்கறாங்க. அதுதான் அவங்க வருமானம். பழைய கிரைண்டர் மண்டையைப் போட்டதால, தி.நகர்ல ஒரு பெரிய கடையில ரெண்டு லிட்டர் டேபிள்டாப் வாங்கினோம். கடையில போட்டுக் காமிச்சாங்க. வெறும் கல்லு, ஜோரா சுத்திச்சு. வீட்டுக்கு வந்து உளுந்தைப் போட்டா மோட்டார் உறுமுது, டிரம் நகரலை. ரப்பர் கருகற வாடை வேற.

போன் பண்ணினா, "புது மெஷின் மேடம், ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க, செட் ஆயிடும்." ஓட்டினாங்க. வாடைதான் ஜாஸ்தியாச்சு. அப்புறம், "கம்பெனி ஆளு வருவாரு." வந்தார், ஆறாவது நாள். அடித்தட்டைக் கழட்டிப் பார்த்துட்டு சிரிச்சார். மோட்டாரைத் தள்ளி வச்சு பெல்ட்டை இறுக்கி, அதுக்கப்புறம் நட்டை முறுக்கணும். ஃபாக்டரியில யாரோ நட்டை மாட்டினதோட சரி, முறுக்கவே இல்லை. பெல்ட் தொளதொளன்னு கிடக்கு. வெறும் டிரம்மைச் சுத்த அந்தப் பிடிப்பு போதும். உளுந்து விழுந்தா வழுக்கும். ஸ்பேனர் எடுத்தார், அஞ்சு நிமிஷம், முடிஞ்சது.

ஆனா கதை முடியலை. வழுக்கி வழுக்கி பெல்ட் தேஞ்சு பளபளன்னு ஆயிடுச்சு. "பெல்ட் ரப்பர் ஐட்டம், வாரண்டியில வராது தம்பி." அதாவது அவங்க தப்பு, அவங்க சொன்னபடி ஓட்டினதால வந்த தேய்மானம், காசு மட்டும் அத்தையோடது! மறுநாள் பத்து வீடு காத்திருக்குமேன்னு அத்தை பேசாம எடுத்துக் கொடுத்துட்டாங்க.

பி.காம் பசங்க எல்லாரும் பிசினஸ் லா பேப்பருக்காக ஒண்ணை நெட்டுரு போட்டிருப்போம். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், 12-வது பிரிவு. கண்டிஷன் வேற, வாரண்டி வேற. கண்டிஷன் மீறினா சரக்கையே வேண்டாம்னு தள்ளலாம். வாரண்டி மீறினா நஷ்ட ஈடு மட்டும்தான். அந்தச் சரக்கையே வியாபாரம் பண்றவர்கிட்ட வாங்கினா அது விற்கத் தகுந்த தரத்துல இருக்கணுங்கறது 16-வது பிரிவுப்படி கண்டிஷன். வெளியில பார்த்தா தெரியாத குறைக்கு "கடையிலேயே பார்த்துதானே வாங்கினீங்க"ங்கற சாக்கும் செல்லாது. உளுந்து போடறவரைக்கும் தெரியாத குறையை எந்த ராஜா கண்டுபிடிப்பார்?

இப்ப அந்த "ஆளு வருவாரு"வை யோசிச்சுப் பாருங்க. 42-வது பிரிவு என்ன சொல்லுது? நியாயமான காலம் வரைக்கும் வேண்டாம்னு சொல்லாம வச்சிருந்தா நீங்க ஏத்துக்கிட்டதா அர்த்தம். ஏத்துக்கிட்டா 13-வது பிரிவுப்படி கண்டிஷன் இறங்கி வாரண்டி ஆயிடும். நாம காத்திருக்கற ஒவ்வொரு நாளும் நம்ம உரிமை தேயுது, அந்த பெல்ட் மாதிரியே.

"லட்சம் மெஷின்ல ஒண்ணு அப்படி வரும் சார்"னு ஒரு சமாதானம். சரி, லட்சத்துல ஒண்ணுதான்னா அந்த ஒண்ணை மாத்திக் கொடுக்க என்ன கஷ்டம்? மாத்திக் கொடுத்தா கட்டுப்படியாகாதுன்னா, அது லட்சத்துல ஒண்ணு இல்லைன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. காஸ்ட் அக்கவுண்டிங்ல தரக்குறைவால வர்ற செலவுக்குத் தனிக்கணக்கே உண்டு. சரக்கு வாடிக்கையாளர் கைக்குப் போனப்புறம் வர்ற செலவு கம்பெனிக் கணக்குல ஏறணும். இங்க அது அத்தை வீட்டு அடுப்பங்கரைக் கணக்குல ஏறுது. கடைசி குவாலிட்டி இன்ஸ்பெக்டரும் அவங்கதான், சம்பளம் மட்டும் கிடையாது.

கடைசியா ஒரு மிரட்டல்: "மாவு விக்கறீங்களா? அப்ப கமர்ஷியல், நீங்க கன்ஸ்யூமரே இல்லை." சுத்தப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சுயதொழில் செஞ்சு பிழைக்கறதுக்காக மட்டும் வாங்கினா அது வணிக நோக்கம் இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு. மாத்தித் தரணும், இல்லைன்னா பணத்தைத் திருப்பித் தரணும்னு மாவட்ட ஆணையம் உத்தரவு போடலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி 1915-க்கு ஒரு போன் பண்ணிப் பாருங்க.

அதனால மக்களே, புதுப் பொருள் முதல் நாளே மக்கர் பண்ணினா "ரிப்பேர் பண்ணுங்க"ன்னு கெஞ்சாதீங்க. "எனக்கு வேண்டாம், மாத்திக் கொடுங்க"ன்னு அன்னிக்கே எழுத்துல அனுப்புங்க. போன்ல பேசினது காத்தோட போயிடும். நாங்க போன்ல பேசித்தான் ஆறு நாளைத் தொலைச்சோம்.

பி.கு: பெல்ட் காசையும் ஆறு நாள் மாவு வருமானத்தையும் கேட்டு அத்தை பேர்ல புகார் எழுதியாச்சு. "இதுக்கெல்லாமாடா கேஸு?"ன்னு அத்தை கேக்கறாங்க. இதுக்குத்தான் அத்தை!