மூட்டை முடிச்சுதானே என்கிறார்கள்!

பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரர் சொல்லி விட்டார். தொழிலாளி என்ன செய்வது? யோசனை சொல்லும் மேதாவிகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. ஆறு வாரங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டுமாம். நாலு கம்பெனிகளிடம் விலை விசாரித்து, எது மலிவோ அதை அமர்த்த வேண்டுமாம். வேண்டாத சாமான்களைக் கழித்து விட வேண்டுமாம். அவசரத்துக்கென்று மூன்று மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டுமாம்!

ஆகா, என்ன புத்திமதி! ஆறு வார அவகாசமும் மூன்று மாதச் சம்பளமும் கையில் இருப்பவனுக்கு இந்த யோசனை எதற்கு? வேண்டாத சாமான் என்று எதைக் கழிப்பது? அம்மிக் கல்லையா, பிள்ளையின் புத்தகப் பையையா?

இன்னொரு ரகம் உண்டு. ஆற்றங்கரைக் குடிசைகளை இடிக்க யந்திரத்தோடு வந்து நின்ற ஓர் அதிகாரி, "உங்களுக்கென்ன, மூட்டை முடிச்சுதானே? ஒரு மணி நேர வேலை" என்று சொன்னதை நாம் நேரில் கேட்டோம். மேதாவியும் அதிகாரியும் வெவ்வேறு பாஷை பேசுகிறார்கள். விஷயம் ஒன்றுதான்: வீடு மாறும் செலவும் கஷ்டமும் வெளியேறுகிறவன் தலைவிதி, வெளியேற்றுகிறவனுக்கு அதில் பொறுப்பில்லை.

அந்த மூட்டையைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். ஒரு லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் கக்கூஸ். வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். மற்ற ஊர்களும் அதைக் கற்றுக் கொண்டு விட்டன. ஆக 50,000 ரூபாயை எண்ணி வைத்தால்தான் புது வீட்டுச் சாவி. பழைய வீட்டில் கொடுத்த அட்வான்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் அது வரும். அதிலும் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம், உடைந்த குழாய்க்கு ஒரு பிடித்தம். "அடுத்த குடித்தனம் வரட்டும், தருகிறேன்" என்று இழுத்தடிப்பு வேறு.

புது வீட்டுக்காரருக்கு முதலில் கொடுக்க வேண்டும். பழைய வீட்டுக்காரர் கடைசியில் தருவார். இந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு மாதம் 5,000 ரூபாய். அதாவது ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை! கந்துவட்டியைத் தடுக்க 2003 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாகி விட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கந்துவட்டிக்காரன் தெருவில் இருக்கிறான்.

இதற்கு மேல் குட்டி யானை வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, வீடு தேடி அலைந்த நாட்களின் சம்பள வெட்டு, பள்ளியில் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் விலாச மாற்றம். ஆடியில் வீடு மாறக் கூடாது, மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். நோட்டீஸுக்கு ஏது ஆடி, ஏது மார்கழி!

பணம் இருந்தாலும் வீடு கிடைத்து விடுமா? "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தாழ்த்தப்பட்ட தோழர் பத்து வீட்டுப் படி ஏறி இறங்குகிறார். முஸ்லிம் தோழருக்கு, "இப்போதுதான் வேறு ஆளுக்குப் பேசி விட்டோம்" என்று பதில். அடுத்த வாரமும் அதே வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்குகிறது. இவர்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் என்பது மற்றவர்களின் ஐந்து நாளுக்குச் சமம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்ட விரோதம் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் கணக்கில் 50,000 ரூபாய் 15,000 ஆகக் குறைந்து விடும், சந்தோஷப்படலாம். ஆனால் அந்த வாசகத்தின் தலைப்பிலேயே, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கண்டிருந்தாலொழிய என்று ஒரு சொல்லைச் சொருகி விட்டார்கள்! வீடில்லாமல் தெருவில் நிற்பவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டான்? கதவைச் சாத்தி விட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை இது. அந்தச் சொல்லை நீக்கு என்பது நமது முதல் கோரிக்கை.

ஆனாலும் சட்டத்தில் கிடைத்ததை விட்டு விடக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வாடகைக் கோர்ட்டின் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி விரட்டவும் சட்டம் இடம் தரவில்லை. எழுத்து இல்லையென்றால் அதையே காரணமாகக் காட்டி நம்மை வெளியேற்றக் கேட்க முடியும். ஆகவே, "நமக்குள் எதற்குக் காகிதம்?" என்று வீட்டுக்காரர் சிரித்துக் கொண்டே சொன்னால் தோழர்கள் உஷாராக வேண்டும்.

குடிசைவாசிகளின் கதை இதை விடக் கொடுமை. முன்னறிவிப்பும் குறைந்தது பதினைந்து நாள் அவகாசமும் தராமல் கட்டிடத்தை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பர் 13 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டிடங்களுக்கு அது பொருந்தாதாம்! ஏழை வேறு எங்கே குடிசை போடுகிறான்? 2022 மே மாதம், பள்ளிப் பொதுத் தேர்வு நடந்து கொண்டிருந்த நாட்களில், சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் கோர்ட்டு உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தார்கள். அங்கே குடியிருந்த முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பிறகே இடிப்பு நின்றது. ஒரு உயிர் கொடுத்தால்தான் அவகாசம் கிடைக்கும் என்றால் இதற்குப் பெயர் ஆட்சியா?

அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போகின்றன. வீடு கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வேலைக்கும் மார்க்கெட் கூலிக்கும் நடந்து போய் வந்த பெண் இப்போது விடியுமுன் பஸ் ஏற வேண்டும். பிள்ளையின் படிப்பு நடுவாண்டில் அறுந்து போகிறது. சாமானை ஏற்ற லாரி தந்த சர்க்கார் வேலையையும் ஏற்றி அனுப்புமா?

கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. தஞ்சையில் பண்ணையார் முறைத்தால் அன்று இரவே அடுப்பைப் பிடுங்கிக் கொண்டு கிளம்ப வேண்டிய காலம் ஒன்று இருந்தது. செங்கொடியின் கீழ் நின்று போராடியதால்தான் 1952 இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1961 இல் ஒரு சட்டம். குடியிருந்த மனை அவனுக்கே சொந்தம் என்று 1971 இல் இன்னொரு சட்டம். பட்டா கைக்கு வராத குடும்பங்கள் இன்றும் உண்டு என்பது வேறு விஷயம். "திட்டமிட்டு வீடு மாறு" என்று அன்று விவசாயத் தொழிலாளிக்கு யாராவது புத்தி சொல்லி அவன் கேட்டிருந்தால், இந்தச் சட்டங்களில் ஒன்று கூட வந்திருக்காது.

எனவே நாம் கேட்கிறோம்: எவன் வெளியேறச் சொல்கிறானோ அவன் வண்டிக் கூலியையும் இழந்த நாட்களின் சம்பளத்தையும் தரட்டும். பழைய அட்வான்ஸ், சாவி கைமாறும் அதே நேரத்தில் கைமாறட்டும். பள்ளி ஆண்டு முடியாமல் எந்தக் குடும்பத்தையும் கிளப்பாதே. மாற்று வீடு, வேலை செய்யும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

இவை கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், லைனில் உள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்த நிதி கந்துவட்டிக்காரனின் படியை மிதிக்காமல் காப்பாற்றும். ஷிப்டு முடிந்து வரும் நாலு தோழர்கள் தோள் கொடுத்தால் ஏற்று கூலி மிச்சம். தனியாகப் போய் அட்வான்ஸ் கேட்பவனுக்கு, "நாளை வா" என்பார்கள். சங்கத்தோடு போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள், காலி செய்யும் நாளில் சுவரையும் குழாயையும் போனில் படம் பிடித்து வையுங்கள். சம்மதம் என்று எழுதிய காகிதத்தில் படிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

நோட்டீஸ் வந்த அன்றே அதை எடுத்துக் கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். தபாலில் வந்திருந்தால் உறையைக் கிழித்து எறிய வேண்டாம். அதில் தேதி முத்திரை இருக்கிறது.