பாட்டி இல்லை என்று எழுத வேண்டுமாம்

பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் புதுச்சேரி மூலக்குளத்தில் குடியிருந்தால், வீட்டு வராந்தா பாதி அலுவலகம் ஆகிவிடும். சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளக்காரர்) பென்ஷன் கடிதம், உயிரோடு இருப்பதற்கான சான்று, எத்தா சிவில் (பிறப்பு, திருமணப் பதிவு) நகல் என்று யாராவது ஒரு காகிதத்தோடு வந்துகொண்டே இருப்பார்கள். படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்து அனுப்புவேன். போன மாதம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் பாட்டி ஒருவர் கொண்டுவந்த கடிதத்துக்கு மட்டும் என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை.

பாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் எழுதியிருந்தார். பாட்டியின் பேரனை நாட்டை விட்டு வெளியேற்றலாமா என்று அங்கே ஒரு குழு விசாரிக்கப் போகிறது. பேரனுக்கு இந்தியாவில் ஆதரவு யாரும் இல்லை, இங்கே அவனுக்கு வாழ்க்கை இல்லை என்று பாட்டி கைப்பட ஓர் அத்தெஸ்தாசியோன், அதாவது உறுதிமொழிச் சான்று, எழுதித் தரவேண்டும்.

“நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே சார். யாருமில்லைனு எப்படி எழுதறது?” என்றார் பாட்டி.

ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பையன் 4 வயதில் போனவன், இப்போது 29. தகப்பன் ஓர் உணவகத்தின் அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்து, காகிதங்கள் சரியான பிறகு மனைவியையும் பிள்ளையையும் வரவழைத்துக்கொண்டார். தங்கை அங்கே பிறந்தாள். வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்து அங்கேயே வளரும் பிள்ளை, 18 வயதில் தானாகவே பிரெஞ்சுக் குடிமகளாகிவிடும். அண்ணனுக்கு அந்த வழி இல்லை. அவன் மனுப் போட்டு வாங்கியிருக்க வேண்டும். 10 வருடக் கார்த் (குடியிருப்பு அட்டை) கையில் இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். 25 வயதில், கூட்டாளி கொடுத்த போதைப்பொருள் பொட்டலத்தைக் கைமாற்றப் போய் மாட்டினான். 14 மாதம் சிறை. வெளியே வந்து ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் இந்த ஓலை.

இதற்குப் பிரான்சில் பழைய பெயர் ஒன்று உண்டு: ‘தூபிள் பேன்’, இரட்டைத் தண்டனை. ஒரே குற்றத்துக்குக் குடிமகன் சிறைக்குப் போய் வீடு திரும்புவான். கார்த் வைத்திருப்பவன் சிறைக்கும் போய், அங்கிருந்து விமானத்துக்கும் போவான். இதை எதிர்த்துப் பெரிய இயக்கமே நடந்தது. 2003 நவம்பரில், சார்கோசி உள்துறை அமைச்சராக இருந்தபோது, சட்டம் ஓரளவு இளகியது. 13 வயதுக்குள் வந்து அங்கேயே வளர்ந்தவர்களை, பயங்கரவாதம் போன்ற சில குற்றங்கள் நீங்கலாக, வெளியேற்றக் கூடாது என்றார்கள். சார்கோசியை நான் வேறெதற்கும் பாராட்டியதில்லை.

2024 ஜனவரி 26ஆம் தேதி வந்த சட்டம் அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டது. 5 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால், சின்ன வயதிலேயே வந்தவனுக்கும் பாதுகாப்பு இல்லை. ‘விதிக்கக்கூடிய’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீதிபதி எத்தனை மாதம் கொடுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் உச்சமாக எத்தனை ஆண்டு போட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து திருடினாலே அங்கே உச்சம் 5 ஆண்டு. போதைப்பொருள் கைமாற்றுவதற்கு 10 ஆண்டு. விசாரிக்கும் குழுவில் நீதிபதிகள்தான் உட்காருகிறார்கள், ஆனாலும் அவர்கள் சொல்வது வெறும் கருத்துதான். வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் பிரெஃபே என்ற மாவட்ட அரசு அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் இன்னொரு உறுத்தல் உண்டு. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி, புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் கொடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தகப்பன்மார்களே முடிவு செய்தார்கள். பாட்டியின் மாமனார், “வெள்ளைக்காரனே போய்ட்டான், நமக்கு எதுக்கு” என்று பேசாமல் இருந்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்த அவர் தம்பி கையெழுத்துப் போட்டார். இன்று தம்பி வழிப் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்கள். அதில் ஒருவன் இதே பையனோடு ஒரே ஊரில் வளர்ந்து, ஒரு திருட்டு வழக்கில் உள்ளே போய்விட்டு வந்தான். அவன் கதை அத்தோடு முடிந்தது. இவன் கதையை, இவன் பிறப்பதற்கு முப்பது ஆண்டுக்கும் முன்னால் ஒரு கிழவர் போடாமல் விட்ட கையெழுத்து இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறது.

தெருவில் இதைச் சொன்னால், “தப்பு செஞ்சவன்தானே சார், அனுபவிக்கட்டும்” என்கிறார்கள். அனுபவித்துவிட்டானே, 14 மாதம்! அவன் செய்தது தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கிருந்து போகும்போது அவனுக்கு அ, ஆ கூடத் தெரியாது. படித்த பள்ளி, சேர்ந்த சேக்காளி, பிடித்த கெட்ட பழக்கம் எல்லாம் அந்த ஊர் கொடுத்தது. அங்கே ஆளானவனை, மூலக்குளத்து மண்ணில் விளைந்தவன் போலத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம்? அமெரிக்கா 1990களில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வளர்ந்த ரவுடிக் கும்பல் பிள்ளைகளை எல் சால்வடாருக்கு ஏற்றி அனுப்பியது. அந்தக் கும்பல்கள் அந்தச் சின்ன நாட்டையே பல ஆண்டுகள் ஆட்டிப்படைத்தன.

அதே அமெரிக்காவில் 40 ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி வாழ்ந்து, வியட்நாம் போரில் பணியாற்றிய படில்லா என்ற லாரி ஓட்டுநரிடம், “இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், பயப்படாதீர்கள்” என்று அவர் வக்கீலே சொன்னாராம். அதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடு கடத்தல் வந்து நின்றது. கட்சிக்காரரிடம் இந்த விளைவைச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பையனிடமும் வழக்கு நடந்தபோது யாரும் சொல்லவில்லை.

பிரான்சைத் திட்டுவது எளிது. 2025 மே 19ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஓர் இலங்கைத் தமிழர் வந்தார். விசாவில் வந்தவர், உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 7 ஆண்டுத் தண்டனையை முடித்தவர். மனைவி, பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்றார். இந்தியா தர்மசத்திரம் இல்லை, வேறு நாட்டுக்குப் போங்கள் என்றது நீதிமன்றம். அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியவர்களில் சிலர், பேரனுக்காக என் வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அந்த வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான இலங்கைத் தமிழர் சாந்தன், அம்மாவைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே திருச்சி சிறப்பு முகாமில் ஓராண்டுக்கு மேல் கிடந்தார். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். உடல்தான் யாழ்ப்பாணம் போனது. போகிறேன் என்றவரை விடவில்லை. இருக்கிறேன் என்றவருக்கு இடமில்லை.

என் கட்சி இதுதான்: சின்ன வயதில் வந்து ஒரு நாட்டில் வளர்ந்தவனை, தண்டனை முடிந்த பிறகு வெளியேற்றும் அதிகாரம் எந்த அதிகாரியின் பேனாவிலும் இருக்கக் கூடாது. மிகக் கொடிய குற்றம், விலக்க முடியாத காரணம் என்று அரசு நினைத்தால், தண்டனை கேட்கும் நாளிலேயே, அதே நீதிபதி முன்னால் அதையும் கேட்கட்டும். 2008இல் மாஸ்லோவ் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதற்குப் பக்கத்தில் வந்தது. பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியை ஒரு நாட்டில் சட்டப்படி கழித்தவரை வெளியேற்ற மிகக் கனமான காரணம் வேண்டும் என்றது. அனுப்பப்படும் நாட்டில் உறவு, பிடிப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்கிறது அந்த நீதிமன்றம். வக்கீல் பாட்டியிடம் அந்தக் காகிதம் கேட்டது அதற்காகத்தான்.

பொய் அத்தெஸ்தாசியோனுக்கு அங்கே ஓராண்டு வரை சிறை உண்டு; பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பது தெரியும் என்று அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். அதைப் படித்துச் சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டார். “என்னையும் புடிச்சிப் போடட்டும், அவனையாவது பார்க்கலாம்.” கடைசியாக அவன் இங்கே வந்தது 11 வயதில், மாசி மகத்துக்கு. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தமிழ் படிப்பானா? மாட்டான். ஆதார், ரேஷன் அட்டை? இல்லை. சினேகிதன் யாராவது? எதிர்வீட்டுப் பையனோடு விளையாடினான், அவனும் துபாய் போய்விட்டான். உங்களுக்கு வருமானம்? முதியோர் பென்ஷன், கீழ்ப்போர்ஷன் வாடகை.

எல்லாவற்றையும் தமிழில் அவரே எழுதினார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. யாருமில்லை என்ற வார்த்தையை மட்டும் கடைசி வரை போட மறுத்துவிட்டார். “எனக்கு வயது 76. அவன் வந்தால் சோறு போடுவேன். நான் போன பிறகு அவனுக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் பிரெஞ்சில் பெயர்த்து அனுப்பியிருக்கிறேன். விசாரணை அடுத்த வாரம்.