அளக்கப்படும் கரை, கைவிடப்படும் மக்கள்

அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவின் மேற்குக் கரையை, 2025 அக்டோபர் 12 அன்று ஹாலோங் சூறாவளியின் எச்சம் தாக்கியது. யூப்பிக் தொல்குடி மக்கள் வாழும் கிப்னுக், க்விகில்லிங்கோக் ஆகிய கிராமங்களில், வழக்கமான உச்ச ஓதத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 6 அடி உயரத்துக்குக் கடல்நீர் ஏறியது. வீடுகள் உள்ளிருந்த மனிதர்களோடு மிதந்து சென்றன. உயிர்ப்பலியும் நேர்ந்தது. அப்பகுதியில் 1,500க்கும் மேற்பட்டோர் வாழிடத்தை இழந்தனர். நூற்றுக்கணக்கானோர் ராணுவ விமானங்களில் ஏற்றப்பட்டு, சுமார் 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆங்கரேஜ் நகரத்தில் இறக்கப்பட்டனர்.

இயற்கையின் சீற்றம் என்ற இரண்டு சொற்களில் இதைக் கடந்துவிட ஆட்சியாளர்கள் விரும்புகின்றனர். ஆனால் அதே கிப்னுக் கிராமத்தின் ஆற்றங்கரையை அரிப்பிலிருந்து காக்க ஒதுக்கப்பட்டிருந்த 2 கோடி டாலரை, டிரம்ப் நிர்வாகத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு மே மாதத்தில்தான் ரத்து செய்திருந்தது. வீண்செலவு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தப் பணி தொடர்ந்திருந்தாலும் அக்டோபருக்குள் முடிந்திருக்காது என்று நிர்வாகத்தின் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். உண்மைதான், முடிந்திருக்காது. கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய பணி 2025இல் கூடக் காகிதத்தில் கிடந்தது என்பதே அமெரிக்க ஆளும் வர்க்கத்தின் மீதான குற்றச்சாட்டு.

ஆய்வுக்குப் பஞ்சமில்லை

வடதுருவப் பகுதி 1979க்குப் பிறகு உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. முன்பெல்லாம் இலையுதிர்காலப் புயல்கள் வரும்போது கரையை ஒட்டிக் கடல்பனி இறுகியிருக்கும். அலைகளின் வேகத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். இன்று பனி தாமதமாகவே உறைகிறது. புயல் வரும்போது கரை திறந்து கிடக்கிறது. அந்தக் கரையும் பாறையாலானதல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்திருந்த மண். வெப்பம் அதை உள்ளிருந்து உருக்க, அலை வெளியிலிருந்து அறுக்கிறது. வெள்ளம், அரிப்பு, உறைநிலச் சரிவு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நிலம் அப்படியே சரிந்து விழுவதைக் குறிக்க யூப்பிக் மக்களிடம் ‘உஸ்தெக்’ என்ற தனிச்சொல்லே உண்டு.

இவையெல்லாம் அரசுக்குத் தெரியாதவை அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, அலாஸ்காவின் 213 தொல்குடிக் கிராமங்களில் 184 கிராமங்கள் வெள்ளத்தாலும் அரிப்பாலும் பாதிக்கப்படுவதாகக் கூறியது. அதே அலுவலகம் 2009இல் 31 கிராமங்கள் உடனடி ஆபத்தில் இருப்பதாக எச்சரித்தது. ராணுவப் பொறியாளர் படையும் பல்கலைக்கழகமும் இணைந்து தெனாலி ஆணையத்துக்காக 2019இல் நடத்திய மதிப்பீடு, 144 சமூகங்களுக்கு ஆபத்து என்று வரிசைப்படுத்திக் காட்டியது. 2022இல் தணிக்கை அலுவலகத்தின் இன்னோர் அறிக்கையும் வந்தது.

கடலோர ஆய்வு தேவையற்றது என்று எந்த உழைப்பாளியும் சொல்லமாட்டார். அலாஸ்காவின் கடற்கரை, அமெரிக்காவின் பிற மாநிலங்களின் கடற்கரைகள் அனைத்தையும் சேர்த்தாலும் அதைவிட நீளமானது. அங்கே கடல்மட்டத்தை அளக்கும் நிலையங்கள் மிகச் சில. கிராமத்துக்குக் கிராமம் நிலத்தின் உயரமும் வெள்ளக் குறியும் அளக்கப்பட்டாக வேண்டும். எந்த வீட்டை முதலில் அகற்றுவது, எந்த மேட்டில் புதிய ஊரைக் கட்டுவது என்பதை அந்த எண்களே சொல்லும். கேள்வி வேறு. அளந்து முடித்த பிறகும் ஒரு கிராமம் ஏன் காத்துக்கிடக்கிறது?

செலவு–பயன் என்னும் வர்க்கக் கணக்கு

விடை 2003ஆம் ஆண்டின் அதே தணிக்கை அறிக்கையிலேயே இருக்கிறது. ராணுவப் பொறியாளர் படை ஒரு தடுப்புச்சுவர் கட்ட வேண்டுமானால், அதன் செலவைக் காட்டிலும் அதனால் காக்கப்படும் சொத்தின் மதிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். சாலைத் தொடர்பற்ற, சில நூறு பேர் வாழும் ஊருக்குக் கல்லும் இரும்பும் கொண்டுசேர்க்கும் செலவு மிகப் பெரிது. அந்த மக்களின் மரவீடுகளுக்கோ சந்தையில் விலையில்லை. சீல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உரிய கரை, முன்னோரின் இடுகாடு, ஒரு மொழி புழங்கும் கடைசி ஊர் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கேட்டில் பத்தியே கிடையாது. ஆகவே பெரும்பாலான கிராமங்கள் உதவிக்குத் தகுதி பெறுவதில்லை.

இதுதான் ஆய்வின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வர்க்கக் கணக்கு. கருவி கடலை நேர்மையாகவே அளக்கிறது. ஆனால் முடிவெடுப்பது கருவியல்ல, சொத்து. மாளிகைகள் நிறைந்த கரையில் ஒரு அடி அரிப்பு அவசரநிலை. ஏழைகளின் கரையில் 70 அடி அரிப்பு ‘மேலும் ஆய்வுக்குரிய பொருள்’.

எழுபது அடி என்பது மிகைக் கூற்றல்ல. நியூடோக் கிராமத்தை நிங்லிக் ஆறு ஆண்டுக்குச் சராசரியாக அந்த அளவுக்குத் தின்றது. அங்குள்ள மக்கள் இடம்பெயர்வதென 1990களிலேயே முடிவெடுத்தனர். புதிய இடமான மெர்டார்விக் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. நிலப் பரிமாற்றத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் வர 2003 வரை ஆயிற்று. முதல் குடும்பங்கள் குடியேற 2019 வரை ஆயிற்று. இடையில், பேரிடராக அறிவிக்குமாறு கிராமம் விண்ணப்பித்தபோது, 2017 ஜனவரியில் ஒபாமா நிர்வாகம் அதை நிராகரித்தது. புயலும் பூகம்பமும் சட்டத்தின் பார்வையில் பேரிடர். ஆண்டுதோறும் மெல்ல மெல்ல ஊரையே விழுங்கும் அரிப்புக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஷிஷ்மரேப் மக்கள் 2002இலும் 2016இலும் இருமுறை வாக்களித்து வெளியேற முடிவு செய்தனர். இன்னும் அந்தத் தீவிலேயே இருக்கின்றனர்.

அப்படிப்பட்ட இடத்தில் ஏன் குடியிருக்க வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். கேள்வியை அமெரிக்க அரசிடம் கேட்க வேண்டும். இம்மக்கள் பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்கள். கிவலினா தீவு இனுபியாட் மக்களுக்கு வேட்டைக்காலத் தங்குமிடமாகவே இருந்தது. 1905இல் அரசு அங்கே பள்ளியைக் கட்டி, பிள்ளைகளை அனுப்பாவிட்டால் தண்டனை என்று அச்சுறுத்தி அவர்களை நிலையாகக் குடியமர்த்தியது. நகரக்கூடிய மக்களை நகரவிடாமல் கட்டிப்போட்டுவிட்டு, கடல் வந்த பிறகு ஏன் நகரவில்லை என்று கேட்பது காலனியாதிக்கத்தின் பழைய தந்திரம்.

சாலை யாருக்கு?

தொலைதூரம், கடும் குளிர், பெரும் செலவு என்ற காரணங்கள் உண்மையானவையா என்று சோதிக்கவும் கிவலினாவே போதும். அதற்கு அருகில்தான் உலகின் மிகப்பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்றான ரெட் டாக் இருக்கிறது. நிலம் தொல்குடியினரின் பெயரிலான நானா நிறுவனத்துடையது. சுரங்கத்தை நடத்துவது கனடாவின் டெக் நிறுவனம். 1989இல் உற்பத்தி தொடங்கிய அந்தச் சுரங்கத்துக்காக, அலாஸ்கா மாநில அரசின் முகமை 84 கிலோமீட்டர் நீளச் சாலையையும் கடலோரத்தில் ஒரு துறைமுகத்தையும் அமைத்துக் கொடுத்தது. அதே கரையில், கிவலினா மக்கள் புயலின்போது தப்பியோட ஒரு சாலை வருவதற்கு அதன் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. உறைநிலத்தில் சாலை போட முடியாது என்று துத்தநாகத்திடம் எவரும் சொல்லவில்லை.

1971இன் தொல்குடி நில உரிமைத் தீர்வுச் சட்டம் இதற்கான அடித்தளத்தை இட்டது. புரூடோ விரிகுடாவில் 1968இல் எண்ணெய் கண்டறியப்பட்டதும் குழாய் பதிக்க வழி தேவைப்பட்டது. தொல்குடிகளின் நிலவுரிமைக் கோரிக்கைகள் அழிக்கப்பட்டு, 4.4 கோடி ஏக்கரும் 96 கோடி டாலரும் கொடுக்கப்பட்டன. அவையும் மக்கள் சபைகளிடம் அல்ல, புதிதாக உருவாக்கப்பட்ட நிறுவனங்களிடம் சென்றன. மண்ணின் மக்கள் பங்குதாரர்களாக்கப்பட்டனர். 1977 முதல் அந்த எண்ணெய் குழாயில் ஓடுகிறது. அது எரிந்த வெப்பமும் சேர்ந்தே இன்று அவர்களின் கரையை உருக்குகிறது.

இதற்கு இழப்பீடு கேட்டு, எக்ஸான்மொபில் உள்ளிட்ட எரிசக்தி நிறுவனங்கள் மீது கிவலினா 2008இல் வழக்குத் தொடுத்தது. இது அரசியல் பிரச்சினை, நீதிமன்றம் தீர்ப்பதற்குரியதல்ல என்று 2009இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டு மன்றம் 2012இல் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் 2013இல் விசாரிக்கவே மறுத்தது. எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் செய்த வெப்பமயமாதல் கணிப்புகளில் 63 முதல் 83 விழுக்காடு துல்லியமாக இருந்தன என்பதை 2023இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. ஆக, ஆய்வு அங்கும் நடந்தது. லாபத்துக்குத் தேவையான ஆய்வு கோப்புக்குள் பூட்டப்பட்டது. மக்களைப் பற்றிய ஆய்வு அலமாரியில் அடுக்கப்பட்டது.

பணமில்லை என்ற வாதமும் நிற்காது. ஆபத்திலுள்ள அலாஸ்கா கிராமங்களுக்கு அடுத்த 10 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 8 கோடி டாலர் கூடுதலாகத் தேவை என்று அலாஸ்கா தொல்குடி சுகாதாரக் கூட்டமைப்பு 2024இல் கணக்கிட்டது. அந்த ஆண்டில் எக்ஸான்மொபில் நிறுவனத்தின் லாபம் 3,370 கோடி டாலர், அதாவது நாளொன்றுக்கு 9 கோடி டாலருக்கு மேல். ஒரே ஒரு நிறுவனத்தின் ஒரு நாள் லாபம் ஓராண்டுத் தேவையைத் தீர்த்துவிடும்.

அளவுகோலையே முறிக்கும் ஆட்சி

ஜனநாயகக் கட்சி ஆட்சிகள் அறிக்கைகளின் பின்னால் ஒளிந்துகொண்டன. காலநிலை குறித்து உருகிப் பேசிய பைடன் நிர்வாகமே 2023 மார்ச்சில் அலாஸ்காவின் வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. டிரம்ப் ஆட்சி அந்தத் திரையையும் கிழித்தெறிந்துவிட்டது. பேரிடருக்கு முன்பே ஊர்களைப் பலப்படுத்தும் கூட்டாட்சி நிதித்திட்டத்தை நிறுத்துவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. வானிலைத் துறையில் ஆள்குறைப்பு நடந்தது. ஆள் பற்றாக்குறையால், வடமேற்கு அலாஸ்காவின் கோட்ஸெப்யூ நிலையத்தில் வானிலை பலூன் ஏவுவது அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் நின்றது. எண்கள் குற்றஞ்சாட்டத் தொடங்கிவிட்டன. ஆகவே எண்களை எடுக்கும் கருவியையே அகற்றுகிறார்கள். முன்னவர்கள் அளந்துவிட்டுக் கைகட்டி நின்றனர், பின்னவர்கள் அளப்பதையே தடுக்கின்றனர். இருவரும் காவல் காப்பது ஒரே பெட்டகத்தை.

முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்று எங்கெல்ஸ் 1872இல் விளக்கினார். கடலோரக் கிராமத்தின் வேட்டைக்காரரை ஆங்கரேஜ் நகரின் தங்கும் விடுதி அறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதற்கான இன்றைய சான்று.

இந்தியாவின் உழைக்கும் மக்களுக்கு இது தொலைதூரக் கதையல்ல. 1990 முதல் 2018 வரை இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமே அளந்து சொல்லியிருக்கிறது. ஒடிசாவின் சதபாயா கிராமங்களைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்கியது. ஆயினும் 2021–26 காலத்துக்கான மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் உள்ள 12 பேரிடர்களில் கடலரிப்பு இடம்பெறவில்லை. இங்கும் அளவீடு இருக்கிறது, சட்டத்தில் இடமில்லை. துறைமுகத்துக்குக் கடற்கரை உடனே கிடைக்கிறது. மீனவரின் வீடு கணக்கில் வருவதில்லை.

ஆகவே கோரிக்கை ‘மேலும் ஆய்வு’ என்பதோடு நின்றுவிட முடியாது. ஆய்வு முடிந்ததும் குறித்த காலத்துக்குள் நடவடிக்கை எடுக்க அரசைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். மெல்ல நிகழும் அரிப்பும் பேரிடராக ஏற்கப்பட வேண்டும். செலவு–பயன் கணக்கில் சொத்தின் விலைக்குப் பதிலாக மனித வாழ்வே அளவுகோலாக வேண்டும். எங்கே, எப்போது, எப்படி இடம்பெயர்வது என்பதை அந்தந்தக் கிராமத்தின் மக்களே ஒன்றாகத் தீர்மானிக்க வேண்டும். அளவீட்டுக் கருவிகளும் தரவுகளும் அவர்களின் கையில் இருக்க வேண்டும். செலவை எண்ணெய் ஏகபோகங்களின் லாபத்திலிருந்து வசூலிக்க வேண்டும்.

இவற்றில் எதையும் முதலாளித்துவ அரசு தானாக முன்வந்து தராது. கிவலினாவும் நியூடோக்கும் இதுவரை பெற்ற ஒவ்வொரு சாலையும் ஒவ்வொரு வீடும் அம்மக்கள் விடாது போராடிப் பெற்றவையே. கடல் எவ்வளவு ஏறும் என்பதை விஞ்ஞானம் சொல்லிவிட்டது. அதன் விலையை யார் கொடுப்பது என்பதை வர்க்கப் போராட்டமே தீர்மானிக்கும்.