இரவல் நிரலுக்கும் உரிமம் உண்டு

இறுதியாண்டுத் திட்டப்பணிக்குச் செயலி உருவாக்கும் மாணவர் எல்லா வரிகளையும் தாமே எழுதுவதில்லை. படத்தைச் சுருக்க ஒன்று, காணொளியை மாற்ற ஒன்று என்று பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை எடுத்துச் சேர்க்கிறார். இதில் தவறில்லை. திறந்த மூல மென்பொருள் வளர்ந்ததே அப்படித்தான். ஆனால், இலவசமாகக் கிடைப்பது வேறு. நிபந்தனையின்றிக் கிடைப்பது வேறு.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்கிறது. இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதாலேயே ஒரு நிரலை எடுத்தாள அனுமதி கிடைத்துவிடாது. அனுமதி தருவது உரிமம். எம்ஐடி உரிமம், பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைக்கச் சொல்வதோடு நின்றுவிடும். ஜிபிஎல் உரிமமோ, அந்த நிரலை உள்ளடக்கிய மென்பொருளைப் பிறருக்கு வழங்கினால், அதன் மூல நிரலையும் அதே உரிமத்தின் கீழ் தரச் சொல்கிறது.

"கட்டாயமில்லாத துணைத் தொகுப்புதானே, அதில் என்ன சிக்கல்?" என்று சிலர் கேட்கலாம். காணொளி, ஒலிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் இதற்குப் பதில் சொல்கிறது. அதன் பெரும்பகுதி சற்றுத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதில் சேர்த்துக்கொள்ளக்கூடிய எக்ஸ்264 என்னும் காணொளித் தொகுப்பு ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. ஜிபிஎல்லை ஏற்பதாகத் தனிக் கட்டளை தராமல் அதைச் சேர்க்க முயன்றால், வேலை பிழைச்செய்தியோடு நின்றுவிடும். சேர்த்துவிட்டால் முழு மென்பொருளும் ஜிபிஎல் நிபந்தனைக்கு உட்படும். அதோடு எஃப்டிகே ஏஏசி என்னும் ஒலித் தொகுப்பையும் சேர்த்தால், இரு உரிமங்களும் ஒத்துப்போகாததால், அந்த மென்பொருளைப் பிறருக்கு வழங்கவே முடியாது. சொந்தக் கணினியில் மட்டும் பயன்படுத்தலாம். தனித்தனியே முறையான இரண்டு தொகுப்புகள், ஒன்றாகச் சேரும்போது வெளியீட்டையே தடுத்துவிடுகின்றன.

இதில் மாணவர்களுக்குப் பாடம் உண்டு. துணைத் தொகுப்பு இல்லாமலும் செயலியின் அடிப்படை வேலை நடக்க வேண்டும். கடுமையான உரிமம் உள்ளவை தாமாகச் சேராமல், பயனர் கேட்டால் மட்டுமே சேர வேண்டும். திட்டத்தின் முதல் நாளிலேயே ஒரு பட்டியல் தொடங்குங்கள்: தொகுப்பின் பெயர், பதிப்பு, உரிமம், கட்டாயமா விருப்பமா என்ற நான்கு விவரங்கள் போதும். உரிமமே குறிப்பிடப்படாத நிரல் என்றால் எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள்; கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

விரிவுரையாளர்களும் செயலி இயங்குகிறதா என்று பார்ப்பதோடு இந்தப் பட்டியலையும் கேட்டு மதிப்பெண் வழங்கலாம். வகுப்பறையில் பயன்படும் செயலி நாளை விற்பனைக்குப் போகலாம். அந்த வேளையில் உள்ளே இருக்கும் ஒரு தொகுப்பைப் பிடுங்கி எடுப்பது, தொடக்கத்திலேயே உரிமத்தைப் படிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். உழைப்பை இலவசமாகத் தந்தவர் கேட்கும் நிபந்தனையை மதிப்பதுதான் நாம் அவருக்குச் செலுத்தும் விலை.