ஹலிபட் பருவம் திறக்குது, ஆருக்கு?

அலாஸ்காவில் மார்ச் எண்டால் இன்னும் குளிர்காலம்தான். ஆனால் கொடியாக், ஹோமர், சிற்கா போன்ற துறைமுகங்களில் ஹலிபட் மீன்பிடிப் பருவம் அந்த மாதத்தில்தான் திறக்கும். அதற்கு முந்தின வாரங்களில் படகுத் தொழிலாளருக்குக் கை ஓயாது. தமிழில் ஆயிரங்கால் தூண்டில் எண்டு சொல்லுற வகைதான் அங்கேயும் பாவிப்பது. நீளக் கயிறு, அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் சின்னக் கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வட்டக் கொக்கி. துருப்பிடித்த கொக்கியைக் கழற்றிப் புதிசு மாட்டவேணும். நைந்த கயிற்றை வெட்டி முடியவேணும். நங்கூரம், மிதவை, கொடிக்கம்பு, கயிறு இழுக்கும் இயந்திரம் எல்லாத்தையும் பார்க்கவேணும். ஹெரிங், கணவாய், சால்மன் துண்டு எண்டு இரை சேர்க்கவேணும். குளிர்நீரில் விழுந்தால் உயிர் காக்கும் உடுப்பைப் போட்டுப் பார்த்து, கிழிசல் இல்லையெண்டு உறுதிப்படுத்தவேணும். இரையைக் கொத்த வரும் கடற்பறவைகள், முக்கியமாக அருகிவரும் குட்டைவால் அல்பட்ரோஸ், கொக்கியில் மாட்டாமல் இருக்க, கயிறு விடும்போது பின்னால் பறக்கவிடும் நாடாக்களையும் ஆயத்தமாக வைக்கவேணும்.

இவ்வளவு வேலையும் செய்கிற பெடியனுக்கு அந்த மீனில் உரிமை இருக்கா? பெரும்பாலும் இல்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் பேச வருவது அதைத்தான்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். பசிபிக் ஹலிபட் ஒரு தட்டை மீன். எங்கட கடலில் கிடைக்கும் எருமைநாக்குக்குத் தூரத்துச் சொந்தம். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்கள் போல நிமிர்ந்து நீந்தும். வளர வளர இடது கண் தலையைச் சுற்றி வலது பக்கம் வந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்கக் கடலடியில் படுத்த வாழ்க்கை. பெண் மீன் 200 கிலோவையும் தாண்டி வளரும். 50 வருசத்துக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு. மெதுவாக வளரும் மீன் என்பதால், கணக்கில்லாமல் பிடித்தால் மீண்டு வரக் காலம் எடுக்கும். அதனால்தான் அமெரிக்காவும் கனடாவும் 1923 இலேயே ஒப்பந்தம் போட்டு இந்த ஒரு மீனுக்காக ஒரு சர்வதேச ஆணைக்குழுவை உருவாக்கின. இன்றைக்கும் எவ்வளவு பிடிக்கலாம், பருவம் எப்ப திறந்து எப்ப மூடும் எண்டு வருசத் தொடக்கத்தில் கூடித் தீர்மானிப்பது அந்த ஆணைக்குழுதான். 32 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வணிகப் படகுகள் வைத்திருக்க முடியாது.

மொத்த அளவைக் கட்டுப்படுத்தினார்கள், சரி. ஆனால் யார் எவ்வளவு பிடிக்கலாம் எண்டு நீண்டகாலமாக ஒரு விதியும் இருக்கவில்லை. முந்தினவருக்கு மீன். அதனால் படகுகள் கூடின, கொக்கிகள் கூடின, அளவு சீக்கிரம் முடிந்தது. பருவத்தைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். ஒருகாலத்தில் மாதக்கணக்கில் திறந்திருந்த கடல், 1990களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் முக்கிய பகுதிகளில் வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 24 மணித்தியாலம் எண்ட நிலைக்கு வந்துவிட்டது. அதை அங்கே 'டேர்பி', அதாவது பந்தயம் எண்டு சொன்னார்கள்.

அந்தக் காலத்து ஆயத்தத்தை நினைத்துப் பாருங்கோ. திகதி முன்கூட்டியே குறித்தாச்சு. அன்றைக்குப் புயல் அடித்தாலும் போகத்தான் வேணும், போகாவிட்டால் அந்த வருசத்து உழைப்பு இல்லை. நித்திரை இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் கொக்கியோடு நிற்பார்கள். தாங்கக்கூடியதை விடக் கூட ஏற்றுவார்கள். நேரம் முடிந்ததும் இழுத்து முடிக்காத கயிற்றை வெட்டிவிட்டு வருவார்கள், அந்தக் கொக்கிகள் ஆளில்லாமல் கடலடியில் மீன் பிடித்துக்கொண்டே கிடக்கும். எல்லாப் படகும் ஒரே நாளில் கரைக்கு வரும், விலை விழும், மீன் பெரும்பாலும் குளிரூட்டிக்குப் போகும். ஆட்கள் செத்தார்கள், படகுகள் தாண்டன.

1995 இல் இந்தப் பந்தயம் நிறுத்தப்பட்டது. தனிநபர் பங்கு முறை வந்தது. மொத்த அளவில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு வீதம் எண்டு பங்கு. பருவம் மார்ச்சில் திறந்து ஏறக்குறைய எட்டு மாதம் நீளும். காலநிலை சரியில்லையா, கரையில் நில்லுங்கள், உங்கள் பங்கு எங்கேயும் ஓடாது. பாதுகாப்புக் கூடியது, கைவிடப்படும் கொக்கிகள் குறைந்தன, மீன் பச்சையாகச் சந்தைக்குப் போய் விலையும் ஏறியது. பொருளியல் பாடத்தில் மீன்வள முகாமைத்துவம் படிக்கிறவர்களுக்கு இதை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லித் தருவார்கள். அந்த வெற்றியை நாங்கள் மறுக்கேல்லை. ஒரு முறை மாறினதால் ஆட்கள் உயிரோடு வீடு திரும்புகிறார்கள் எண்டால் அது சின்ன விசயம் இல்லை.

ஆனால் அந்தப் பங்கைத் தொடக்கத்தில் யாருக்குக் கொடுத்தார்கள்? 1988, 1989, 1990 ஆகிய வருசங்களில் ஹலிபட் இறக்கிய படகுகளின் சொந்தக்காரருக்கும், படகைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும். எவ்வளவு பங்கு என்பதை 1984 முதல் 1990 வரை அவர்கள் பிடித்த கணக்கை வைத்துத் தீர்மானித்தார்கள். கிட்டத்தட்ட 4,800 பேருக்கு அது இலவசமாகக் கிடைத்தது. அதே படகில், அதே புயலில், அதே கொக்கியோடு நின்ற கூலித் தொழிலாளிக்கு ஒண்டும் இல்லை. அவருக்குக் கிடைத்தது வாங்குகிற தகுதி மட்டும்: 150 நாள் கடல் அனுபவம் இருந்தால் பங்கைக் காசு கொடுத்து வாங்கலாம்.

விலை ஏறியதும் பங்கின் விலையும் ஏறியது. ஒரு இறாத்தல் மீனுக்குத் துறையில் கிடைக்கிற காசைப்போலப் பல மடங்கு, ஒரு இறாத்தல் பிடிக்கும் உரிமைக்கு. இலவசமாக வாங்கினவர் விற்றுவிட்டு ஓய்வெடுக்கலாம், அடுத்த தலைமுறை வங்கிக் கடனோடுதான் கடலுக்குப் போகலாம். இப்போது பங்கு வைத்திருப்பவர்களின் தொகை தொடக்கத்தில் இருந்ததின் அரைவாசிக்குக் கிட்ட வந்துவிட்டது. சின்னக் கடலோரக் கிராமங்களில் இருந்த பங்குகள் கையை விட்டுப் போயின. ஒருத்தர் கஷ்டத்துக்கு விற்றால், பெரும்பாலும் அது ஊருக்குத் திரும்பி வராது.

அமெரிக்க அரசுக்கு இது தெரியாமல் இல்லை. பங்கு ஒரே கையில் குவியாமல் உச்சவரம்பு வைத்தார்கள். புதிதாகப் பங்கு வாங்கினவர் தானே படகில் நிற்கவேணும் எண்டு விதித்தார்கள். மேற்கு அலாஸ்காக் கிராமங்களுக்கு எண்டு ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். 2004 இலிருந்து அலாஸ்கா வளைகுடாவின் சின்னக் கிராமங்கள் சமூகமாகச் சேர்ந்து பங்கு வாங்கவும் வழி திறந்தது. ஆனால் இலவசமாகக் கொடுத்து முடிந்த பிறகு சந்தை விலைக்கு வாங்கச் சொன்னால், காசில்லாத கிராமம் எதை வைத்து வாங்கும்? மிகச் சில கிராமங்களால்தான் அந்த வழியில் போக முடிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கு. கொக்கிக்காரர் 32 அங்குலக் கணக்குப் பார்க்கிற அதே பெரிங் கடலில், வேறு தட்டை மீன்களுக்காக அடிமடி இழுக்கிற பெரிய கப்பல்களின் வலையிலும் ஹலிபட் விழுகிறது. அதை அவர்கள் விற்க முடியாது, திருப்பிக் கடலில் போடவேணும் எண்டது சட்டம். போடும்போது அதில் நிறைய மீன் செத்திருக்கும். ஹலிபட் குறைந்த வருசங்களில் கொக்கிக்காரரின் அளவை வெட்டினார்கள், இழுவைக் கப்பல்களின் உச்சவரம்போ மீனின் தொகையோடு இணைக்கப்படாமலே இருந்தது. கிராமங்கள் வருசக்கணக்காகக் கத்தின பிறகு, 2021 டிசம்பரில்தான் வட பசிபிக் மீன்பிடி முகாமைத்துவச் சபை அந்த வரம்பை மீனின் தொகையோடு இணைக்கத் தீர்மானித்தது.

இதை வாசிக்கும்போது மன்னாரும் முல்லைத்தீவும் பருத்தித்துறையும் ஞாபகம் வராமல் இருக்காது. அடிமடியை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. பாக்குநீரிணையைத் தாண்டி வரும் இழுவைப்படகுகளால் வலை அறுந்த குடும்பங்களின் பிரச்சினை அதோடு தீரேல்லை. கடல் எப்ப திறக்கும் எப்ப மூடும் எண்டு வேறு யாரோ தீர்மானிக்கிறதும் எங்கட ஆக்களுக்குப் புதிசில்லை. கடலுக்குப் போகப் பாஸ் எடுத்த காலத்தை எங்கட அப்பாமார் இன்னும் சொல்லுவினம்.

அதனால்தான் இந்தத் தூரத்துக் கதை எங்களுக்குத் தேவைப்படுது. மீன் குறையுது, கட்டுப்பாடு வேணும் எண்ட பேச்சு எல்லாக் கடலுக்கும் வரும். எங்களுக்கும் வரும், வரவும் வேணும். ஆனால் வருகிற நாளில் முதல் கேள்வி 'எவ்வளவு பிடிக்கலாம்' என்பதோடு நிற்கக்கூடாது. யாரை மீனவர் எண்டு எழுதப் போறியள் எண்டும் கேட்கவேணும். படகு யாருடைய பெயரில் பதிந்திருக்கோ அவரை மட்டுமா? பங்குக்கும் கூலிக்கும் போற பெடியனையுமா? கரையில் மீன் தெரிந்து, வெட்டி, காயவைக்கிற பெண்களையுமா? அலாஸ்காவில் 1984 இலிருந்து 1990 வரையான கணக்கில் பெயர் இல்லாதவர் இண்டைக்கும் காசு கட்டிக்கொண்டிருக்கிறார். போர், இடப்பெயர்வு, கடல் தடை எண்டு போன வருசங்களை எங்களுக்கு ஒருவர் 'பிடித்த கணக்கு' எண்டு எடுத்தால், யாருடைய பெயர் அதில் இருக்கும்?

ஆகவே நாங்கள் சொல்லுறது இதுதான். மீனவர் சங்கக் கூட்டம் எண்டால் படகுக்காரரின் கூட்டம் எண்டு இருக்கிற பழக்கத்தை இளம் ஆக்கள் மாற்றவேணும். கூலிக்குப் போறவை தாங்கள் போன நாள், போன படகு, பிடித்த அளவு எல்லாத்தையும் ஒரு கொப்பியிலாவது எழுதி வைக்கட்டும். படித்துவிட்டு வேலை தேடுகிற கரையோரப் பிள்ளைகள் சட்ட வரைவுகளை எடுத்து வாசித்து ஊருக்கு விளங்கப்படுத்தட்டும். கொக்கி மாட்டுறதும் ஐஸ் ஏற்றுறதும் போல இதுவும் பருவத்துக்கான ஆயத்தம்தான். விதி எழுதி முடிந்த பிறகு செய்தால், அது வேற ஆருடைய பருவத்துக்கோ நாங்கள் பார்க்கிற வேலையாகத்தான் இருக்கும்.