சேர்த்து வைத்தால்தான் சுபமா?

காசையும் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே வேறு வீட்டுக்கு வரணுமா? காதல் படம் என்றால் கடைசியில் சேர்த்து வைத்தால் என்ன குறைந்துபோகும்? மயிலாப்பூர் பக்கம் இப்படிக் கேட்காத வீடு உண்டோ? குழந்தையைத் தூங்கப் பண்ணி, மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, லஸ் காமதேனுவுக்கு மேட்னி ஓடிய தலைமுறைக்கு அந்தக் கேள்விக்கு உரிமை உண்டுதான். (அந்தக் காமதேனு பிறகு கல்யாண மண்டபமாகிவிட்டது. தினம் தினம் சுபம்!)

ஆனாலும் சகோதரிகளே, அழ வைத்த படங்களைத்தானே நாம் ஓட வைத்தோம்? 1959-இல் வந்த ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' நினைவிருக்கிறதா? அக்காவுக்காகக் காதலனையே விட்டுக் கொடுக்கிறாள் வசந்தி. அக்கா போன பிறகு அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், வசந்திக்கு வேறொருவருடன் கல்யாணமே முடிந்துவிட்டது. குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். பாலசந்தரின் 'மரோ சரித்ரா' (1978) தெலுங்குப் படம். காதலர் இருவருமே இறந்துபோகிற அது, மொழிமாற்றம் கூட இல்லாமல், சஃபையர் தியேட்டரில் 500 நாளுக்கு மேல் ஓடியது!

என்னைக் கேட்டால், சேர்த்து வைப்பது டைரக்டரின் கடன் இல்லை. நியாயமாக முடிப்பதுதான் கடன். பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லாமல் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவளைக் காதலனிடமே சேர்க்க முன்வருகிறார் டாக்டர் கணவர். தாலியைக் கழற்ற வேண்டிய நேரத்தில் அவளுக்கு மனசு வரவில்லை. காதலன் போய்விடுகிறான்.

"இதைவிட நல்ல முடிவு உண்டா மன்னி? ஒரு குடும்பம் பிழைச்சுதே!" என்பாள் என் நாத்தனார். அவள் மருமகள் விடுவாளா? "நீங்களே சொல்லுங்கோ மாமி, கல்யாணத்துக்கு முன்னாடியே அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த ஏழு நாளே வேண்டாமே!" நான் மருமகள் கட்சி.

ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. இருவரையும் சாகடித்துவிட்டு, அதுவே காதலின் வெற்றி என்பதுபோலக் காட்டுவது. பக்கத்தில் பதினாறு வயசுப் பெண் உட்கார்ந்து பார்க்கிறாளே! 'மரோ சரித்ரா'வில் பெரியவர்கள் போட்ட நிபந்தனை, ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும் என்பது. அந்த ஒரு வருஷத்தைத் தாக்குப்பிடித்தார்களே, பெரிசு அதுதான், சாவு இல்லை. இதை அவளிடம் யார் சொல்வது?

டி.வி.யில் இப்படிப் படம் முடிந்ததும் குக்கர் வைக்க எழுந்து ஓடாதீர்கள். "நீயா இருந்தா என்னடி பண்ணியிருப்பே?" என்று கேளுங்கள். பதில் தூக்கிவாரிப் போடலாம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அழுகை அதிகமாகிவிட்டால் 'காதலிக்க நேரமில்லை' (1964) இருக்கவே இருக்கிறது. அதுவும் அதே ஸ்ரீதர் எடுத்ததுதான்!