கடலரசன் தர்பார்

பூமத்திய ரேகையைக் கண்ணால் கண்டவர் உலகில் எவரும் இலர். பூகோளப் படத்தில் அது கருப்பாகவும் தடிப்பாகவும் ஓடுகிறது என்னவோ உண்மைதான். கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 900 கிலோமீட்டர் கப்பலில் சென்று தேடிப் பார்த்தால், முன்னால் வந்த அலைக்கும் பின்னால் வந்த அலைக்கும் யாதொரு வித்தியாசமும் தென்படாது. ஆனாலும் மாலுமிகள் அந்த ரேகையைப் புதிய பிரயாணிகளுக்குக் காட்டாமல் விடுவதில்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடியின் முகப்பில் ஒரு தலைமயிரைக் குறுக்கே ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கிப் பார்த்தவர், "ஆமாம், ஆமாம், நன்றாகத் தெரிகிறதே!" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பை அடக்கிக் கொள்வார்கள். இது கப்பலுலகில் மிகப் பழைய வேடிக்கை.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ரேகையைத் தாண்டும் நாளன்று கடலரசனாகிய நெப்டியூன் சபரிவாரமாகக் கப்பலுக்கு எழுந்தருளுவார். ரோமர்களுடைய இந்தத் தேவரை நம் பாஷையில் வருண பகவான் என்று வைத்துக் கொள்ளலாம். ராணி, மந்திரி, வைத்தியர், போலீஸ்காரர், முக்கியமாக ஒரு நாவிதர் ஆகியோர் உடன் வருவார்கள். எல்லோரும் மாலுமிகளே. முதன்முறை ரேகையைத் தாண்டுகிறவர்களுக்குத் 'தலைப்பிரட்டைகள்' என்று பெயர். முன்பே தாண்டியவர்கள் ஓடு முற்றிய ஆமைகள். தலைப்பிரட்டைகளை விசாரித்து, முகத்தில் எதையோ பூசிச் சிரைத்து, நீரில் அமுக்கி எடுத்து, 'இன்று முதல் நீயும் ஆமை' என்று அங்கீகரிப்பதே அந்தத் தர்பாரின் காரியக்கிரமம்.

1768-ஆம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி காப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பல் ரேகையைத் தாண்டியது. அதில் ஜோஸப் பாங்க்ஸ் என்ற பணக்கார வாலிபர் தாவர ஆராய்ச்சிக்காகச் சென்று கொண்டிருந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தவர்; வயது இருபத்தைந்து. விசாரணைக்குரியவர்களின் ஜாபிதாவில் மனிதர்களோடு நாய்களும் பூனைகளும்கூடச் சேர்க்கப்பட்டிருந்தனவாம். முழுக்குப் போட விருப்பமில்லாதவர்கள் நான்கு நாளைய திராட்சரஸப் படியை விட்டுக் கொடுத்துத் தப்பிக்கலாம். பாங்க்ஸ் பிராந்தி கொடுத்துத் தப்பித்துக் கொண்டார். பல மாலுமிகளோ குடியை விடுவதைவிடக் குளிப்பதே மேல் என்று தீர்மானித்தார்கள். அவர்களைக் கயிற்றில் கட்டிப் பாய்மரக் குறுக்குக் கட்டையின் உயரத்துக்குத் தூக்கி, மும்முறை கடலில் விழச் செய்தார்கள். கப்பலிலிருந்த சிறு பையன்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் முழுகியே தீர வேண்டும். பையன்களின் விஷயத்தை பாங்க்ஸ் தம் தினக்குறிப்பில் போகிற போக்கில்தான் எழுதியிருக்கிறார். உபாத்தியாயராகிய நமக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அறுபத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1832 பிப்ரவரி 17-ந் தேதி, 'பீகிள்' கப்பலில் இன்னொரு வாலிபர் அகப்பட்டுக் கொண்டார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையை விட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருபத்து மூன்று வயது நிறைந்து ஐந்தே நாட்கள். பெயர் சார்ல்ஸ் டார்வின். அவர் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். வழியெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. ஒரு பலகையில் உட்கார வைத்து, முகத்தில் கீலும் வர்ணமும் குழைத்துப் பூசி, கரடுமுரடான இரும்பு வளையத் துண்டினால் சுரண்டினார்கள். பிறகு பலகையைச் சாய்க்க, வருங்காலத்தில் உலகத்தின் எண்ணத்தையே புரட்டப் போகிறவர் தலைகுப்புற நீரில் புரண்டார். மற்றவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம் என்றும், அவர்கள் வாயிலும் அசுத்தமான கலவைகளைத் திணித்தார்கள் என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: காப்டன் உட்பட ஒருவர்கூட அன்று நனையாமல் தப்பவில்லை. அந்தக் காப்டன் பிட்ஸ்ராய் தாமும் இச்சம்பிரதாயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அபாயகரமான அசட்டுத்தனம் என்று பலர் கண்டிப்பதை ஒப்புக் கொண்டு, ஆனாலும் இதை அடியோடு விட்டால் வருத்தப்பட நேரலாம் என்கிறார்.

சரித்திரம் போதும். நாமும் ஒரு காலத்தில் தலைப்பிரட்டையாக இருந்தவர்தாம். முதுகலை மாணவராயிருந்தபோது, கடல்நீரின் உப்பையும் உஷ்ணத்தையும் அளந்து வரப் புறப்பட்ட ஓர் ஆராய்ச்சிக் கப்பலில், புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் மகத்தான உத்தியோகம் கிடைத்து நாமும் சென்றோம். மாணவர்கள் மொத்தம் ஐவர். முதல் இரண்டு நாள் கடல் மயக்கத்திலேயே கழிந்தது. மூன்றாம் நாள் காலை சுக்கான் அறையில் இருந்த கருவியில் எண்கள் குறைந்து குறைந்து பூஜ்யத்துக்கு வந்தன. வடக்கைக் குறிக்கும் எழுத்து மறைந்து தெற்கைக் குறிக்கும் எழுத்து தோன்றியது. அவ்வளவுதான். அதற்குள் மேல்தட்டில் தாம்பாளம் தட்டும் சப்தம் கேட்டது.

கடலரசர் வேறு யாருமல்ல, நமது கப்பல் பண்டாரிதான். தூத்துக்குடிக்காரர், ஐம்பது பிராயம், எல்லோருக்கும் 'அண்ணாச்சி'. தரை துடைக்கும் நூல்கற்றை அவருக்குத் தாடியாகவும், பிஸ்கோத்துத் தகரம் கிரீடமாகவும் அமைந்திருந்தன. ஸாரங்கு நாவிதர் வேஷத்தில் முழ நீள மரக்கத்தியுடன் நின்றார். குற்றப் பத்திரிகை வாசிக்கப்பட்டது. ஒரு மாணவர்மீது, சர்க்கார் அனுமதியின்றி இரண்டு நாள் இடைவிடாமல் மீன்களுக்கு உணவளித்ததாகக் குற்றம். நம்மீது, சாப்பாட்டு அறைப் பலகையில் அண்ணாச்சி எழுதும் பதார்த்தப் பெயர்களில் எழுத்துப் பிழை திருத்தியதாகக் குற்றம். 'குளம்பு' என்றிருந்ததைக் 'குழம்பு' என்று மாற்றியது வாஸ்தவமே. குதிரையின் பாதத்தைச் சோற்றில் ஊற்றிக் கொள்ள நாம் சம்மதிக்கவில்லை. ஆட்சேபணை தள்ளுபடியாயிற்று. மைதாக் கூழும் மஞ்சளும் முகத்தில் அப்பப்பட்டன. மரக்கத்தி மூக்கைத் தடவிச் சென்றது. தார்ப்பாயில் கட்டிய தொட்டியில் மல்லாந்து விழுந்தோம். உப்பு நீர் மூக்கில் ஏறியது. ஆனால் சிரித்துக் கொண்டேதான் எழுந்தோம், அதை மறைப்பானேன்?

நான்காவதாக வந்த நண்பரிடம்தான் விளையாட்டு நின்றது. 'கடல் தீர்த்தம்' என்று ஒரு பானம் காய்ச்சி வைத்திருந்தார்கள். வேப்பிலைச் சாறு, மிளகாய்த் தூள், மேலே மீன் எண்ணெய். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஒரு வாய் விழுங்கினோம். நண்பர் பிறந்தது முதல் மரக்கறி உணவே அறிந்தவர். தொட்டியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் விழுவதாகச் சொன்னார். தீர்த்தத்தை மட்டும் தொட மாட்டேன் என்றார். இளம் என்ஜினீயர் ஒருவர் அவருடைய இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக் கொண்டு, "எனக்கு முதல் தடவை ஒரு டம்ளர் முழுக்க ஊற்றினார்கள். நான் குடிக்கவில்லையா? ஊற்றுங்கள்!" என்றார். நண்பரின் முகத்தில் அப்போது இருந்தது விளையாட்டல்ல. எங்கள் நால்வரில் எவரும் வாய் திறக்கவில்லை.

அண்ணாச்சி சிம்மாசனத்தை விட்டு எழுந்து வந்தார். மற்ற நாட்களில் அவர் அந்த என்ஜினீயருக்குக் காப்பி கொண்டு போய்க் கொடுப்பவர். "இன்னிக்கு நான் ராஜா, ஸார். கையை விடுங்க. தண்ணி எவ்வளவு வேணாலும் ஊத்துங்க, வேணாங்கிறவர் வாயில ஒண்ணும் ஊத்தப்படாது" என்றார். பிறகு நண்பரைப் பார்த்து, "தம்பி, உள்ள மோரு இருக்கு. அதான் உங்களுக்குத் தீர்த்தம்" என்றார். என்ஜினீயர் ஏதோ முணுமுணுத்தார். அதற்குள் காப்டன், "ராஜா உத்தரவு போட்டாயிற்று" என்று சொல்லி, மேலங்கியைக் கழற்றிவிட்டுத் தாமே போய்த் தொட்டியில் உட்கார்ந்தார். கப்பலை இரண்டு நாளாக ஆட்டி ஆட்டி ஓட்டிய குற்றத்துக்காக அவர் தலையில் ஐந்து வாளி விழுந்தது.

'எனக்குச் செய்தார்கள், ஆகையால் நான் உனக்குச் செய்கிறேன்' என்ற அந்த என்ஜினீயரின் வாதத்தைப் பிற்பாடு எத்தனையோ கலாசாலை விடுதிகளைப் பற்றிய பேச்சில் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் துஷ்டர்கள் அல்லர். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். தாம் பட்ட அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கீழே நிற்பவன் தலை வசதியாக அகப்படுகிறது. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் இத்தகைய கொடுமையில் உயிரிழந்தார். மறு வருஷமே தமிழ்நாட்டில் பகடிவதையைத் தடுக்கும் சட்டம் வந்தது. மேனாட்டுக் கடற்படைகளிலும் ரேகைச் சடங்கில் அடி உதையும் காயமும் மிகுந்து, பிற்காலத்தில் கட்டுப்பாடுகள் விதிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே சடங்கையே ஒழித்துவிடலாமா என்று நேயர்கள் கேட்கக் கூடும். பிட்ஸ்ராயின் பக்கமே நாம் சாய்கிறோம். வாரக் கணக்கில் ஒரே முகங்களையும் ஒரே நீரையும் பார்த்துக் கொண்டிருப்பவர்களுக்கு, பண்டாரி அரசனாகி, காப்டன் குற்றவாளியாகிற ஒரு நாள் தேவைதான். ஆனால் எந்தக் கப்பலில் காப்டன் நனையாமல் நின்று வேடிக்கை பார்க்கிறாரோ, எந்தக் கப்பலில் பையன் 'வேண்டாம்' என்று சொன்னால் செல்லாதோ, அந்தக் கப்பலுக்கு நம் மாணவர் எவரையும் அனுப்பச் சம்மதியோம். பாங்க்ஸுக்குப் பிராந்தி இருந்தது. அந்தப் பையன்களிடம் விட்டுக் கொடுக்க என்ன இருந்தது?

அன்று மாலை ஐவருக்கும் கடலரசர் முத்திரையிட்ட பத்திரம் வழங்கப்பட்டது. முத்திரை, பாதியாய் வெட்டிய உருளைக்கிழங்கில் மை தொட்டு அடித்தது. மோர் குடித்த நண்பரின் பத்திரத்திலும் எங்களுடையதில் உள்ள வாசகமே, ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. 'ரேகை' என்பது ஐந்திலும் 'றேகை' என்று எழுதப்பட்டிருந்தது. அதை நாம் திருத்தவில்லை.